வாகன ரேடார் எதிரிலுள்ள பொருளை அறியும் விதம்: ஒரு காரை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம்

காரின் முன்பக்க பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும் ரேடார் பெரும்பாலும் 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகிறது. 77 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 3.9 மில்லிமீட்டர்; இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு 60 மீட்டர் முன்னால் ஒரு கார் செல்கிறது என்றும், அதை நாம் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நெருங்குகிறோம் என்றும் கொள்வோம்.

படி 1: அலையை அனுப்புதல்

இந்த ரேடார் துண்டு துண்டான துடிப்புகளை அனுப்புவதில்லை. அதிர்வெண் சீராக ஏறிக்கொண்டே போகும் அலையை அனுப்புகிறது. அத்தகைய ஓர் ஏற்றத்துக்குச் 'சர்ப்' என்று பெயர். நம் எடுத்துக்காட்டில் ஒரு சர்ப் 30 மைக்ரோவிநாடிகளில் 300 மெகாஹெர்ட்ஸ் ஏறுகிறது, அதாவது மைக்ரோவிநாடிக்கு 10 மெகாஹெர்ட்ஸ்.

படி 2: தொலைவு

அலை போய்வரும் 120 மீட்டருக்கு 0.4 மைக்ரோவிநாடி ஆகும். அதற்குள் அனுப்பும் அலையின் அதிர்வெண் 4 மெகாஹெர்ட்ஸ் மேலே போயிருக்கும். திரும்பி வந்த அலையையும் அந்நேரத்தில் அனுப்பப்படும் அலையையும் கலந்தால், பள்ளி இயற்பியலில் படித்த விம்மல் அதிர்வெண்ணாக, அதாவது இரு அலைகளின் அதிர்வெண் வேறுபாடாக, இந்த 4 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் 60 மீட்டர். பல பொருள்கள் இருந்தால் பல விம்மல்கள் ஒன்றாகக் கலந்து வரும் என்பதால், கலவையான அலையில் உள்ள அதிர்வெண்களைக் கண்டறியும் கணித முறையான ஃபோரியர் மாற்றம் அவற்றைப் பிரித்துத் தருகிறது. அருகருகே உள்ள இரு பொருள்களைப் பிரித்தறியும் திறன், ஒளியின் வேகத்தை அலைவரிசை அகலத்தின் (ஒரு சர்ப் ஏறும் மொத்த அதிர்வெண்ணின்) இருமடங்கால் வகுத்தால் தெரியும்: 300 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மீட்டர், 1 கிகாஹெர்ட்ஸுக்கு 15 சென்டிமீட்டர்.

படி 3: வேகம்

ரேடாரின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. 40 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை சர்ப் அனுப்பினால், அந்த இடைவெளியில் கார் 0.4 மில்லிமீட்டர் மட்டுமே நெருங்கும். தொலைவுக் கணக்கில் இது தெரியவே தெரியாது. ஆனால் போக, வர 0.8 மில்லிமீட்டர் என்பது 3.9 மில்லிமீட்டர் அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் என்பதால், திரும்பும் அலையின் கட்டம் (ஒரு முழுச் சுழற்சியை 360 பாகையாகக் கொண்டால் அலை அதில் இருக்கும் நிலை) ஏறத்தாழ 74 பாகை நகர்ந்துவிடுகிறது. இப்படி 256 சர்ப்புகளைத் திரட்டி, அவற்றின் ஊடாக இரண்டாவது ஃபோரியர் மாற்றத்தைச் செய்தால், சுமார் 10 மில்லிவிநாடிகளில் விநாடிக்கு 0.2 மீட்டர் வேறுபாட்டைக்கூடப் பிரித்துவிடலாம்.

ஒரு சிக்கலும் உண்டு. கட்ட நகர்வு 180 பாகையைத் தாண்டினால், பொருள் நெருங்குகிறதா விலகுகிறதா என்பதே குழம்பிவிடும். இங்கு அந்த வரம்பு விநாடிக்குச் சுமார் 24 மீட்டர், அதாவது மணிக்கு 88 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் எதிரே வரும் வாகனம் இதை எளிதில் மீறும். அதனால் சர்ப் இடைவெளியை மாற்றி மாற்றி அனுப்பி, எல்லா அளவீடுகளுக்கும் பொருந்தும் வேகத்தைத் தேர்கிறார்கள்.

படி 4: இரைச்சலிலிருந்து பிரித்தல்

இரு ஃபோரியர் மாற்றங்களும் சேர்ந்து, தொலைவை ஓர் அச்சிலும் வேகத்தை மற்றோர் அச்சிலும் கொண்ட அட்டவணையைத் தருகின்றன; அதில் ஒவ்வொரு சிற்றறையின் ஆற்றலும் சுற்றியுள்ள சிற்றறைகளின் சராசரியோடு ஒப்பிடப்படுகிறது. போதிய அளவு உயர்ந்து நிற்பதே பொருளாகக் கொள்ளப்படும்.

படி 5: திசை

அரை அலைநீள இடைவெளியில் நிற்கும் ஆன்டெனாக்களுக்கு அலை சற்றே முன்பின்னாக வந்து சேர்வதால் உண்டாகும் கட்ட வேறுபாடு கோணத்தைத் தருகிறது. 3 அனுப்பிகளும் 4 வாங்கிகளும் சேர்ந்து 12 ஆன்டெனாக்கள் போல இயங்கினாலும், பிரித்தறியும் திறன் ஏறத்தாழ 9.5 பாகைதான், 60 மீட்டரில் அது 10 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட மூன்று தடங்கள்! ஆகவே ஒரே தொலைவில் அடுத்தடுத்த தடங்களில் செல்லும் இரு வாகனங்களைப் பிரிப்பதில் கோணத்தைவிட வேக வேறுபாடே பெரும்பாலும் கைகொடுக்கிறது.

படி 6: பொருளின் தன்மை

திரும்பும் ஆற்றல் தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். அதைச் சரிசெய்த பின் கிடைப்பது ரேடார் குறுக்குப்பரப்பு, அதாவது ஒரு பொருள் ரேடார் அலையை எவ்வளவு வலுவாகத் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு. மனிதருக்கு அது 1 சதுர மீட்டர் அளவிலும், காருக்கு 10 அளவிலும் இருக்கும். பார்க்கும் கோணம் சிறிது மாறினாலும் இம்மதிப்பு தாறுமாறாக மாறுவதால், இதை மட்டும் நம்புவது சரியன்று. நடப்பவரின் கைகால்கள் உடலைவிட வேறு வேகங்களில் அசைவதால் அவருடைய எதிரொலி வேக அச்சில் பரவித் தெரியும். காரின் உடற்பகுதி அப்படிப் பரவாது. ஒரே பொருளிலிருந்து வந்த புள்ளிகளைத் தொகுத்து, பொருளின் அடுத்த இடத்தைக் கணித்து, புதிய அளவீட்டால் திருத்திக்கொண்டே போகும் கால்மன் வடிகட்டி என்ற கணக்கு முறையால் ஒவ்வோர் அளவீட்டுச் சுற்றிலும் பின்தொடரும்போது இந்த அடையாளம் உறுதிப்படுகிறது.

ஆனால் நின்றுகொண்டிருக்கும் காரும், சாலைக்கு மேலுள்ள வழிகாட்டிப் பலகையும், தரையிலுள்ள இரும்பு மூடியும் ஒரே வேகத்தில் நம்மை நோக்கி வருவதாகத் தெரியும். செங்குத்துக் கோணத்தை அளக்காத ரேடாருக்கு இவற்றைப் பிரிப்பது கடினம். அதனால்தான் ஆரம்பகால வேகக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பல, நிலையான எதிரொலிகளைப் பெரிதும் கருத்தில் கொள்ளவில்லை. உயரத்தையும் அளக்குமாறு ஆன்டெனாக்களைச் செங்குத்தாகவும் அடுக்கிய ரேடார்கள் இக்குறையைத் தீர்க்கவே வந்தன.