மாட்டு உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும்: புதிதாக மாடு வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியவை

மாட்டின் மேல் நாலைந்து உண்ணி இருந்தால் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது குடிக்கும் ரத்தத்தைவிட, கடிக்கும்போது உள்ளே விடும் கிருமிதான் ஆபத்து. தைலேரியா, பபேசியா, அனாபிளாஸ்மா என்ற மூன்றும் முக்கியமானவை. திமில் உள்ள நாட்டு இனங்கள் ஓரளவு தாங்கும். கலப்பின மாடுகள் சட்டென்று படுத்துவிடும்.

மருந்து வாங்கும் முன் உண்ணி எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை போல உப்பிய பெண் உண்ணி மாட்டிலிருந்து உதிர்ந்து, சுவர் விரிசலிலோ சருகுக்கு அடியிலோ ஒளிந்துகொள்ளும். அங்கே 2,000, 3,000 என்று முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். பொரிந்து வரும் குஞ்சுகள் மாடு கிடைக்கும்வரை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். ஆக, மாட்டின் மேல் நாம் பார்ப்பது மொத்த உண்ணிகளில் சிறு பங்குதான், மீதி தரையிலும் சுவரிலும் இருக்கிறது. பபேசியா கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போய்விடும். மாட்டுக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-லேயே ஆய்வு செய்து வெளியிட்டுவிட்டார்கள்.

படி 1: தடவிப் பாருங்கள்

கண்ணால் பார்த்தால் போதாது, கை போட வேண்டும். காது மடலின் உள்பக்கம், கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி, முன்னங்கால் இடுக்கு, மடிக்கும் தொடைக்கும் நடுவே, வாலைத் தூக்கி அதன் அடிப்பகுதி என்று தோல் மெல்லிசாக இருக்கும் இடங்களில்தான் உண்ணி ஒட்டியிருக்கும். வாரம் இரண்டு முறை பார்ப்பது நல்லது. வெயிலும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் தினமும் பாருங்கள்.

ஒன்றிரண்டு இருந்தால் கையுறை போட்டு, தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். சில வகை உண்ணிகள் மனிதர்களுக்கும் ஆபத்தான காய்ச்சலைத் தரும். பிடுங்கியதைக் கீழே போட்டால் அங்கேயே முட்டையிடும், அதனால் மண்ணெண்ணெய் உள்ள டப்பாவில் போட்டு மூடுங்கள்.

படி 2: மருந்து தெளியுங்கள்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் ஆகியவை பரவலாகக் கிடைக்கும் தெளிப்பு மருந்துகள். 12.5 சதவீத அமிட்ராஸ் என்றால் பொதுவாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. மருந்தின் வீரியம் மாறினால் அளவும் மாறும், லேபிளில் போட்டிருக்கும் கணக்குதான் முடிவு. கூடுதலாக ஊற்றினால் மாட்டுக்கு நஞ்சாகும். குறைத்துக் கலந்தால் சாகாத உண்ணிகள் தப்பிப் பெருகி, அடுத்த முறை அந்த மருந்துக்கே அசையாது.

தெளிப்பதற்கு முன் மாட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள், தாகத்தில் உடம்பை நக்காமல் இருக்கும். பால் கறந்து முடித்த பிறகு, வெயில் ஏறாத நேரத்தில் தெளியுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பெரிய மாட்டுக்கு 4 முதல் 5 லிட்டர் கரைசல் பிடிக்கும். மயிர் படிந்திருக்கும் திசைக்கு எதிராகத் தெளித்தால்தான் மருந்து தோல் வரை இறங்கும். முதுகை மட்டும் நனைத்துவிட்டுப் போவதில் பயனே இல்லை, வயிற்றுக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். காதுக்குள் துணியில் நனைத்துத் தடவுங்கள், கண்ணிலும் வாயிலும் படக்கூடாது. அடுத்த கறவைக்கு முன் மடியை நன்றாகக் கழுவிவிடுங்கள். உடம்பில் புண் இருந்தாலோ, சினை மாடு, இளங்கன்று என்றாலோ மருத்துவரைக் கேட்காமல் தெளிக்க வேண்டாம்.

ஐவர்மெக்டின் ஊசியும் உண்ணியைக் குறைக்கும். ஆனால் மருந்து பாலில் இறங்கும் என்பதால் கறவை மாட்டுக்கு நீங்களாகவே போடாதீர்கள்.

ஒரு முறை தெளித்ததோடு முடிந்துவிடாது. மாட்டில் அதிகம் காணப்படும் உண்ணி, குஞ்சாக ஏறி வளர்ந்து உதிர ஏறக்குறைய 3 வாரம் ஆகும். மீதமிருந்து ஏறிய குஞ்சுகள் உப்பி உதிர்வதற்குள் அடுத்த தெளிப்பு நடந்தால் முட்டையிடும் தலைமுறையே அறுந்துவிடும். லேபிள் அனுமதிக்கும் இடைவெளியைப் பார்த்து, 3 வாரம் தாண்டாமல் நாள் குறித்துக்கொள்ளுங்கள். சரியாகத் தெளித்தும் உண்ணி சாகவில்லை என்றால் வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும். டெல்டாமெத்ரினும் சைபர்மெத்ரினும் ஒரே வகைதான், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது மாற்றம் ஆகாது.

படி 3: கொட்டகை

மாட்டுக்குத் தெளிக்கும் அன்றைக்கே கொட்டகைக்கும் தெளியுங்கள். சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். சாணத்தையும் பழைய வைக்கோலையும் மூலையில் குவிய விடாதீர்கள். தீவனத் தொட்டியிலும் தண்ணீரிலும் மருந்து விழக்கூடாது, மிச்சக் கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டினால் மீன்கள் செத்துவிடும்.

புதிதாக வாங்கி வரும் மாட்டை நேராகக் கொட்டகையில் கட்ட வேண்டாம். தனியாகக் கட்டி, தெளித்து, 3 வாரம் கவனித்த பிறகு சேருங்கள்.

படி 4: காய்ச்சலைக் கண்டுபிடியுங்கள்

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் ஆரோக்கியமான மாட்டுக்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். உண்ணிக் காய்ச்சலில் 104-க்கு மேல் போகும். தீனி எடுக்காது, பால் சட்டென்று குறையும், அசை போடுவது நின்றுவிடும்.

அப்புறம் தோள்பட்டைக்கு முன்னால் தடவுங்கள். அங்கே நெறி கட்டி உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டால் தைலேரியாவாக இருக்கலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் பபேசியா என்று சந்தேகப்படலாம். சிறுநீர் நிறம் மாறாமல், கண் இமையின் உள்பக்கம் வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்து, சாணம் இறுகிப்போயிருந்தால் அனாபிளாஸ்மாவாக இருக்கலாம். உறுதி செய்வதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், அதற்குக் காது நரம்பில் ஒரு துளி எடுத்தால் போதும்.

எந்த அறிகுறி என்றாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தைலேரியாவுக்குப் புபார்வகுவோன், பபேசியாவுக்கு டிமினசீன், அனாபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் என்று ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, ஆரம்பத்தில் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். வெறும் காய்ச்சல் ஊசி போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருந்தால் அதற்குள் ரத்தம் வற்றிவிடும். கடைசியாக எந்த மருந்தை எப்போது தெளித்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைலேரியாவுக்குத் தடுப்பூசி உங்கள் பகுதியில் கிடைக்குமா என்று அப்போதே கேட்டுவிடலாம்.

பிழைத்த மாட்டின் ரத்தத்தில் கிருமி நீண்ட காலம் தங்கியிருக்கும். அந்த மாட்டைக் கடித்த உண்ணி மற்ற மாடுகளுக்கும் நோயைக் கொண்டுபோகும் என்பதால், தேறிய மாட்டைத்தான் முதலில் தடவிப் பார்க்க வேண்டும்.