21 நாள் ஆகியும் குஞ்சு வரலையா? முட்டையை உடைத்துப் பாருங்கள்

கோழிமுட்டை வைத்து 21 நாள் முடிந்தும், குஞ்சு பொரிக்கும் பெட்டியான இன்குபேட்டருக்குள் கீச் சத்தமே இல்லை என்றால், உடனே முட்டைகளைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சூடு கொஞ்சம் குறைவாக ஓடியிருந்தால் 22, 23-ஆம் நாள்கூடப் பொரிக்கும். அதற்கும் அசையாதவற்றைக் கொல்லைக்குக் கொண்டுபோய், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக உடையுங்கள். நாற்றம்தான், ஆனால் எங்கே தப்பு நடந்தது என்பதற்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது. முதல் தடவை 30 முட்டை வைத்து 9 குஞ்சு எடுத்தபோது பெட்டி விற்ற ஆளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். உடைத்துப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே வெறும் மஞ்சள் கருதானா? அது கூமுட்டை. சேவல் சேரவில்லை, அல்லது முட்டை பழசு. நம்ம ஊர் வெயிலில் அடுப்படிக் கூடையில் பத்துப் பன்னிரண்டு நாள் கிடந்த முட்டையை அவயத்துக்கு வைத்தால் வேறென்ன ஆகும்? ஒரு வாரத்துக்குள் சேர்த்த முட்டை போதும், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். அதற்காக ஃபிரிட்ஜில் தள்ள வேண்டாம், அது ரொம்பக் குளிர். எங்க ஆச்சி அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள்.

ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு முதல் வாரத்திலேயே போய்விட்டது. பெரும்பாலும் சூடு ஏறி இறங்கியதுதான் காரணம். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி, விசிறி இல்லாததற்கு முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 அளவு. பெட்டியோடு வரும் மீட்டரை நம்பாதீர்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் சென்சாரையும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சேர்த்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். என்னுடையது ஒரு டிகிரிக்கு மேல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது! பங்குனி, சித்திரையில் இன்னொரு தொல்லை: இந்தப் பெட்டிக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்தால் சூடு தரும் பல்பு அணைந்தபிறகும் சூடு ஏறிக்கொண்டே போகும், கரு செத்துவிடும். கீழ்வீட்டில் இருட்டான உள்ளறைதான் சரி.

முழுசாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்திருப்பதுதான் வயிற்றெரிச்சல். குஞ்சு சொதசொதவென்று ஈரமாக, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை சின்னதாக இருந்தால், முதல் 18 நாளில் ஈரப்பதம் அதிகம். அப்போது 45, 50 சதவீதம் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர்த் தட்டே வைக்காமல் ஓட்டலாம். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் விழும்போது பாளையங்கோட்டைப் பக்கம் வெறும் வறட்டுக் காற்றுதான் அடிக்கும், அப்போது தட்டு வேண்டும். ஆக, எவரோ சொன்ன அளவை அப்படியே பிடிக்காமல் 7, 14, 18-ஆம் நாளில் டார்ச் அடித்துக் காற்றறை பெரிதாகிறதா என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறாகச் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டியிருந்தால், கடைசி மூன்று நாளில் நீங்கள் மூடியைத் திறந்து திறந்து பார்த்து ஈரத்தை வெளியே விட்டிருக்கிறீர்கள். 18-ஆம் நாளோடு முட்டையைப் புரட்டுவதை நிறுத்தி, ஈரத்தை 65, 70-க்கு ஏற்றி, மூடிவிட வேண்டும். அதற்கப்புறம் கை வைக்கவே கூடாது, வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

கரண்ட் போனால் பதற வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். திறக்காமல், காற்றுத் துளையை விட்டுவிட்டு மேலே போர்வை போடுங்கள். கடைசி வாரம் என்றால் குஞ்சுகளே சூடு விடும், வெயில் காலத்தில் போர்வையும் வேண்டாம்.

ஓட்டில் விரிசல் விழுந்ததும் பிய்த்துவிடக் கை துறுதுறுக்கும். அடக்குங்கள். அந்த நேரத்தில்தான் சவ்வில் ஓடும் ரத்தமும் மஞ்சள் கருவும் குஞ்சின் உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கும். நான் அவசரப்பட்டுப் பிரித்த ஒன்று ரத்தம் கொட்டியே செத்தது. 24 மணி நேரம் தாண்டியும் விரிசல் நகராமல், சவ்வும் பழுப்பாகக் காய்ந்துபோனால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் பஞ்சைத் தொட்டுச் சவ்வை நனைத்து, அகன்ற முனையில் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உரியுங்கள். ரத்தம் துளிர்த்தால் அப்படியே நிறுத்திப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கடைசியாக உதைத்து வெளியே வருவதை அதுவே செய்யட்டும்.

வந்த குஞ்சு முடி உலர்வதற்கு முன் வெளியே எடுக்காதீர்கள். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தாங்கும், தீவனத்துக்கு அவசரமில்லை. செய்தித்தாள் விரிக்க வேண்டாம், வழுக்கிக் கால் விரிந்துபோகும். பழைய சாக்குதான் நல்லது.