ஜிம்னிக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா? இன்ஜினையும் பணத்தையும் காலி செய்யும் தவறுகள்

மாருதி சுசுகியின் ஜிம்னி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் பிக்கப்பில்தான் வந்து நிற்கும். 1,462 சிசி கே15பி பெட்ரோல் இன்ஜின், சுமார் 105 குதிரைத்திறன், 4,000 ஆர்பிஎம்மில் 134 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது வண்டி திணறத்தான் செய்கிறது. உடனே டர்போவா, சூப்பர்சார்ஜரா என்று தேட ஆரம்பிக்கிறார்கள். இரண்டும் செய்வது ஒரே வேலை: காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிப்பது. இந்தக் கூடுதல் அழுத்தத்துக்குத்தான் பூஸ்ட் என்று பெயர். டர்போவைச் சுழற்றுவது சைலன்சருக்குப் போகும் சூடான புகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது கிராங்க் புல்லியிலிருந்து வரும் பெல்ட். காட்டுப் பாதையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

எங்கே பத்தவில்லை என்று பார்க்காமல் வாங்குவது

முதலில் ஒரு கணக்கு. ஐந்து கியர் மேனுவல் வண்டியில் விகிதங்கள் இவை: முதல் கியர் 4.425, 4-எல் (மெதுவாக ஊர்வதற்கான தாழ் கியர்) 2.0, ஆக்ஸில் 4.09. மூன்றையும் பெருக்கினால் இன்ஜின் டார்க் சக்கரத்துக்கு வரும்போது சுமார் 36 மடங்கு. கியர்களில் 15 சதவீதம் போனாலும், 34 செ.மீ. ஆரமுள்ள டயரில் 1,200 கிலோ அளவுக்கு இழுவிசை கிடைக்கும். இரண்டு பேரோடு வண்டியின் எடை 1,350 கிலோ. உதிரி மண்ணில் டயர் தாங்கும் பிடிப்பு, தாராளமாக வைத்துக்கொண்டாலும், எடையில் 60 சதவீதம். அதாவது 800 கிலோ. டயர் பிடிப்பதைவிட இன்ஜின் ஏற்கெனவே அதிகமாக இழுக்கிறது.

ஆகவே பாறையிலும் சேற்றிலும் மாட்டிக்கொள்பவர்களுக்குக் குறைவது டார்க் அல்ல, பிடிப்புதான். நல்ல டயர், 18 பிஎஸ்ஐக்குக் காற்றைக் குறைப்பது, பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கும் ஒரு லாக்கர்: இவை செய்யும் வேலையை எந்த பூஸ்ட்டும் செய்யாது. பெரிய டயர் போட்டதால் வண்டி சோர்ந்துவிட்டதென்றால் மாற்ற வேண்டியது கியர் விகிதம். பூஸ்ட் உண்மையிலேயே உதவும் இடங்கள் மூன்று: இரண்டாவது, மூன்றாவது கியரில் வேகம் விடாமல் ஓட வேண்டிய மணல், நீண்ட மலை ஏற்றம், நெடுஞ்சாலை. இதைப் பார்க்காமல் பூஸ்ட் ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபடி பாறையில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், முதலில் உடைவது முன் ஆக்ஸிலின் சிவி ஜாயின்ட், அதாவது திரும்பியிருக்கும் சக்கரத்தையும் சுழற்றும் மூட்டு.

பெரிய எண்ணைப் பார்த்து மயங்குவது

விளம்பரத்தில் இருக்கும் குதிரைத்திறன் 6,000 ஆர்பிஎம்முக்கானது. காட்டுப் பாதையில் நாம் இருப்பதோ 1,200-க்கும் 3,000-க்கும் நடுவில். எல்லா சூப்பர்சார்ஜரும் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுக்கும் என்ற நம்பிக்கையும் தவறு. ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகள் ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு காற்றைத் தள்ளுவதால் 1,500 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் கிடைக்கும். விசிறிபோலச் சுழன்று காற்றை வீசும் சென்ட்ரிஃப்யூகல் வகை அப்படியல்ல. அதில் அழுத்தம் சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 6,000-இல் 7 பிஎஸ்ஐ தருவது 3,000-இல் அதில் கால் பங்கு, 2 பிஎஸ்ஐகூடத் தராது. விலை குறைவு, பொருத்துவது சுலபம் என்று இதை வாங்கினால், வேண்டிய இடத்தில் பெல்ட்டைச் சுழற்றும் சுமை மட்டும்தான் மிஞ்சும்.

டர்போவில் இதே தவறு பெரிய டர்போவை வாங்குவதாக வருகிறது. பாறைப் படி ஒன்றில் முன் சக்கரம் முட்டி நிற்கிறது. 1,400 ஆர்பிஎம். மெதுவாக அழுத்துகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்துகிறீர்கள். 2,500-ஐத் தாண்டியதும் பூஸ்ட் வந்துவிடுகிறது, அதற்குள் சக்கரம் படி ஏறிவிட்டது. வண்டி முன்னால் பாய்கிறது, சக்கரம் காற்றில் சுழல்கிறது, திரும்பப் பாறையில் விழும்போது அத்தனை சுமையும் ஆக்ஸிலில் இறங்குகிறது. பாறையில் ஊர்வதே உங்கள் விருப்பம் என்றால் சிறிய ரூட்ஸ் வகைதான் சரி. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் கொடுக்கும். அதற்கான விலையும் உண்டு: 150 குதிரைத்திறன் அளவுக்குக் காற்றை அழுத்த, சூப்பர்சார்ஜரே 9, 10 குதிரைத்திறனை விழுங்கும்.

ஜப்பானில் விற்கும் ஜிம்னியில் சுசுகியே 658 சிசி டர்போ வைத்திருக்கிறதே என்பார்கள். அந்த இன்ஜின் தொழிற்சாலையிலிருந்தே டர்போவுக்கு ஏற்றபடி வருவது, அந்த வண்டியின் கியர் விகிதங்களும் அதற்கேற்ப அமைந்தவை. நம் வண்டிக்கு அது சான்று ஆகாது.

உயரத்தை மறப்பது

இங்கே மட்டும் டர்போ தெளிவாக ஜெயிக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 76 சதவீதம். சூப்பர்சார்ஜரின் வேகம் புல்லியோடு கட்டுண்டது. சமவெளியில் அரை பார் பூஸ்ட் தந்தது அங்கே 0.38 பார்தான் தரும். டர்போவில், உபரிப் புகையை வெளியே திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வு இன்னும் கொஞ்ச நேரம் மூடியிருக்கும், புகையால் சுழலும் டர்பைன் சக்கரம் வேகமாகச் சுழலும், அரை பார் அப்படியே கிடைக்கும். ஆனால் லடாக் போகும் திட்டம் இருந்தால் டர்போ தன் வேக வரம்பைத் தாண்டாதபடி பூஸ்ட்டைக் குறைத்து டியூன் செய்ய வேண்டும்.

வண்டி சாயும் என்பதை மறந்து ஆயில் லைன் போடுவது

சாலை வண்டிக்கு டர்போ போட்டுப் பழகிய பட்டறைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். டர்போவின் பேரிங்குக்கு ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போகிறது. வெளியே வருவது வெறும் புவியீர்ப்பில். திரும்பும் குழாய் குறைந்தது 16 மி.மீ. உள்விட்டம் இருக்க வேண்டும், எங்கும் மேலே ஏறக் கூடாது, மடங்கக் கூடாது, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலேதான் சேர வேண்டும். சமதளத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். வண்டி 30 டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தால் சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி அந்த வாயை மூடிவிடும். திரும்ப வழியில்லாத ஆயில் டர்போவின் சீலைத் தாண்டி எக்ஸாஸ்ட்டுக்குப் போகும். நீலப் புகை வரும். டர்போ போய்விட்டது என்று புதிதாக வாங்கி மாட்டுவார்கள், அடுத்த சரிவில் அதே புகை. கோளாறு டர்போவில் இல்லை, குழாய் சேரும் இடத்தில். சம்ப்பில் துளை போடுவதற்கு முன் வண்டியை இரு பக்கமும் சாய்த்தால் ஆயில் மட்டம் எங்கே நிற்கும் என்று குறித்துக்கொண்டு, அதற்கு மேலே போடுங்கள்.

செங்குத்து ஏற்றத்தில் ஆயில் பம்பின் உறிஞ்சும் வாய் ஒரு நொடி காற்றை இழுத்தாலும் முதலில் அடிபடுவது டர்போ பேரிங்தான். ஆயில் மட்டத்தை அதிகபட்சக் கோட்டிலேயே வைத்திருங்கள். மணலில் முழு வேகத்தில் ஓடி வந்து நின்றவுடன் சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். இல்லையென்றால் பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகிக் கரியாகிவிடும். பெரும்பாலான சூப்பர்சார்ஜர்களுக்குத் தனி ஆயில் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இன்ஜினின் கீழ்ப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாக பூஸ்ட் அதற்குள் போகாமல் ஒருவழி வால்வு போடுவது இரண்டுக்கும் கட்டாயம். அதை விட்டுவிட்டால் ஆயில் சீல்கள் பிதுங்கிக் கசியும்.

வெப்பமும் எரிபொருளும்

35 டிகிரி காற்றை 0.45 பார் அழுத்தினால் டர்போவிலிருந்து சுமார் 85 டிகிரியில் வெளிவரும். ரூட்ஸ் வகையில் 100-ஐ நெருங்கும். ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கும் இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) நெடுஞ்சாலையில் இதைக் குறைக்கும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஊரும்போது காற்றோட்டமே இல்லை. சேறு அப்பினால் ரேடியேட்டரையும் சேர்த்து அடைக்கும். நீர் சுற்றும் இன்டர்கூலரும், சொந்த ஃபேனோடு ஒரு சின்ன ரேடியேட்டரும் இதற்குச் சரியான தீர்வு.

கே15பியின் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று சுருங்கும் விகிதம், 10:1. வண்டியோடு வந்த ஸ்டாக் பிஸ்டனோடு 0.4 பாரைத் தாண்ட வேண்டாம். 150 குதிரைத்திறனுக்குக் குறிவைத்தால் நிமிடத்துக்கு 300 சிசி இன்ஜெக்டர் நான்கு வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் எனர்ஜி குறைவு என்பதால் 330 எடுப்பது நல்லது. உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் ஸ்டாக் மேப் சென்சார் பூஸ்ட்டை அளக்க ஏற்றதல்ல, 2.5 பார் சென்சார் வேண்டும். ஒரு படி குளிரான பிளக், 0.7 மி.மீ. இடைவெளி. டியூனிங்கின்போது வைட்பேண்ட் மீட்டரில் லாம்ப்டா (காற்று, எரிபொருள் கலவையின் அளவு) 0.78 முதல் 0.82. ‘பிக்கிபேக் போட்டாச்சு, போதும்’ என்று, இசியூவின் சிக்னலை மாற்றும் சின்னப் பெட்டியோடு இதை விட்டவர்களின் பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள விளிம்பான ரிங் லேண்ட்தான் முதலில் உடைகிறது. எதையும் வாங்கும் முன் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பணம் இன்ஜின் வேலைக்குத்தான்.

டீசலுக்கு இந்தக் கேள்வியே இல்லை, டர்போதான். பழைய ஜீப் டீசலில் டர்போ ஏற்றுபவர்கள், டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பத்தை அளக்கும் ஒரு பைரோமீட்டர் வைத்து, அது 700 டிகிரியைத் தாண்டாமல் டீசல் பம்ப்பை அமைக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, உற்பத்தியாளர் தந்த விவரத்திலிருந்து ஆர்சி மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்சூரன்ஸ் கிளெய்மில் இது நேராக வந்து நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

தண்ணீரில் இறங்கும் முன்

சிவக்கக் காய்ந்த டர்போ ஹவுசிங் மீது ஆற்று நீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். கரையில் மூன்று நிமிடம் ஐடிலில் நில்லுங்கள். சூப்பர்சார்ஜரில் ஆபத்து பெல்ட்டுக்கு. ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுழற்றும் அதே பெல்ட்டில் சூப்பர்சார்ஜரும் ஓடினால், சேறு பட்டுப் பெல்ட் கழன்றதும் பேட்டரி விளக்கு எரியும், அடுத்த சில நிமிடங்களில் இன்ஜின் சூடாகும். மாற்றுப் பெல்ட்டும் டென்ஷனர் ஸ்பேனரும் வண்டியிலேயே இருக்கட்டும்.

இன்ஜினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாயான ஸ்நார்க்கல் போட்டிருந்தாலும், அங்கிருந்து கம்ப்ரெஸர் வரை உள்ள ஒவ்வொரு இணைப்பும் காற்றுப் புகாமல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். வண்டியை ஐடிலில் விட்டு, ஸ்நார்க்கல் வாயை ஒரு தடித்த ரப்பர் துண்டால் இறுக மூடுங்கள். சில நொடிகளில் இன்ஜின் அணைந்தால் நல்லது. தொடர்ந்து ஓடினால் எங்கோ ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. அந்த வழியில்தான் வறண்ட நாளில் தூசியும், ஆற்றில் தண்ணீரும் உள்ளே போகும். அதைக் கண்டுபிடித்து இறுக்கும்வரை வண்டியை ஆற்றில் இறக்காதீர்கள்.