ஊர்ப் புகையிரத நிலையத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

யாழ்ப்பாண மாவட்டத்தின் மீசாலை, சங்கத்தானை போன்றதொரு சிறு நிலையத்தின் வரலாற்றை எழுத முனைபவர், பாதை திறந்த நாளையும் நிலையம் திறந்த நாளையும் முதலிலேயே பிரித்துக் கொள்ள வேண்டும். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான பாதை 1902 மார்ச் 11 அன்று திறக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டெம்பரில் பளை வரை நீண்டது. கொழும்பிலிருந்து நேர் வண்டி வந்ததோ 1905 ஆகஸ்ட் 1 அன்றுதான். ஆதலால், 1902 இலேயே எங்கள் ஊரவர் கொழும்புக்குக் கோச்சி ஏறினர் என்று எழுதுவது பிழையாகும். பாதை போட்ட பின்னர் இடையிற் சேர்க்கப்படும் தரிப்பிடங்களும் உண்டு.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்தபோது பழைய ஏடுகள் பல அழிந்தன. எனவே கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் புகையிரதத் திணைக்களத்தின் ஆண்டறிக்கைகளைத் தேடுங்கள். உதயதாரகை, ஈழகேசரி, ஈழநாடு இதழ்களிற் கிடைப்பவற்றை ‘நூலகம்’ (noolaham.org) என்னும் இணையத்தளத்திற் பாருங்கள்.

பெரியவர்களிடம் ஆண்டு கேட்பதாற் பயனில்லை. கொழும்பிலிருந்து வடக்கே வரும் விரைவு வண்டியான யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். பெரும் புயல் அடித்தது 1964 இல். அந்த நிகழ்ச்சி யாழ்தேவிக்கு முன்னா பின்னா, புயலுக்கு முன்னா பின்னா என்று கேட்டால், எண்பது வயதுக்காரரும் தயங்காமல் விடை சொல்வார். சந்தைக்குப் போன மாம்பழக் கூடைகள் எந்த வண்டியில் ஏறின, கடவையைத் திறந்து மூடியவர் எங்கே குடியிருந்தார், இரவுத் தபால் வண்டிக்காக மேடையிற் படுத்திருந்தவர்கள் யார் என்பன போன்ற சிறு கேள்விகளே அதிகம் தரும். ஒரே செய்தியைத் தொடர்பற்ற இருவரிடமாவது கேட்டு ஒப்பிடுங்கள். மருமகன் சொல்வது பெரும்பாலும் மாமனார் சொன்னதுதான்.

1990 ஜூனிற் போரினாற் சேவை நின்றது. யாழ்ப்பாணத்துக்கு வண்டி மீண்டது 2014 அக்டோபர் 13 அன்று, காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில். இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளைப் பலரும் ஒரே வரியிற் கடந்துவிடுகின்றனர். என் எண்ணத்தில் வரலாறு செறிந்திருப்பது அங்கேதான். தண்டவாளங்களும் அவற்றைத் தாங்கிய சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்கு, அதாவது பதுங்கு குழிகளுக்குப் போயின. பழைய மேடையின் எச்சம் புதிய கட்டடத்துக்கு அருகிற் கிடக்கிறதா என்று நடந்து பார்த்து, படமெடுத்து, அளந்து குறியுங்கள். வீட்டு வளவிற் கட்டையொன்றைக் கண்டால், அது எப்படி வந்தது என்று கேளாதீர்கள், பேச்சு நின்றுவிடும். எந்த மழைக்கு அதன்மேல் மண் மூட்டை அடுக்கினீர்கள் என்று கேளுங்கள்.