பழைய விமானத்தைப் படம் பிடிக்கும்போது புரொப்பல்லரை நிறுத்திவிடாதீர்கள்

பழைய விமானப் படங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு ஒன்றுதான். விமானம் நடுவானில் இருக்கிறது; புரொப்பல்லர் மட்டும் அப்படியே நிற்கிறது. மூன்று தகடுகளையும் தனித்தனியாக எண்ணிவிடலாம். படம் துல்லியமாகத்தான் இருக்கும், விமானியின் கண்ணாடிகூடத் தெரியும். ஆனாலும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருக்கும். எண்பது வயதைத் தாண்டிய ஓர் இயந்திரம் இன்னும் உறுமுகிறது, பறக்கிறது என்பதுதான் அந்தப் படத்தின் உயிர். அது தெரியாவிட்டால் அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தையே நிதானமாக எடுத்துவிட்டு வரலாம்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் போன்ற தோட்டப்புற ஊரில் இருக்கும் நமக்குக் கைக்கெட்டும் கண்காட்சிகள் இரண்டு. ஒற்றைப்படை ஆண்டுகளில் லங்காவியில் நடக்கும் லீமா, இரட்டைப்படை ஆண்டுகளில் பிப்ரவரி மாதம் சாங்கியில் நடக்கும் சிங்கப்பூர் ஏர்ஷோ. இரண்டிலும் வானத்தை ஆள்வது ஜெட் விமானங்கள். சுகோய்க்கும் ஹார்னெட்டுக்கும் 1/1000, 1/2000 நொடி என்று ஷட்டர் வேகத்தை ஏற்றி வைத்துப் பழகிவிடுகிறோம். அங்கே அது சரி, சுற்றுகிற பொருள் எதுவும் வெளியே தெரியாது. அப்புறம் காசு சேர்த்து, ஈஸ்டர் சமயத்தில் நியூசிலாந்தின் வானாக்காவுக்கோ, வேறொரு சமயத்தில் ஆஸ்திரேலியாவின் தெமோராவுக்கோ பழைய விமானக் கண்காட்சிக்குப் போய், அதே அமைப்பில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொண்டு வருகிறோம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். டைகர் மோத் 1931இல் முதலில் பறந்த இரட்டை இறக்கை விமானம். அதன் புரொப்பல்லர் இன்ஜினோடு நேரடியாக இணைந்திருக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2000 சுற்று, அதாவது நொடிக்கு 33. ஷட்டர் 1/2000 நொடி திறந்திருந்தால் அந்த நேரத்தில் தகடு ஆறு பாகைதான் நகரும். கண்ணுக்கு அது நிற்பதாகவே தெரியும். 1/125 வைத்தால் கால் வட்டத்துக்கு மேல் சுற்றிவிடும், அழகான வட்டு போல விரியும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து இரட்டை இன்ஜின் போக்குவரத்து விமானமான டகோட்டாவுக்கு இதே கணக்கு பொருந்தாது. அதன் இன்ஜினுக்கும் புரொப்பல்லருக்கும் இடையில் வேகத்தைக் குறைக்கும் கியர் இருக்கிறது. இன்ஜின் 16 சுற்று சுற்றினால் புரொப்பல்லர் 9 சுற்றுதான். சாதாரணமாகப் பறக்கும்போது நொடிக்கு 19 சுற்று அளவில் நிற்கும். 1/125இல் அது 55 பாகை நகரும். பரவாயில்லை, ஆனால் 1/80க்கு இறங்கினால்தான் மனம் நிறையும். ‘புரொப்பல்லர் என்றால் 1/250’ என்று யாரோ சொன்னதை எல்லா விமானத்துக்கும் ஒட்டவைப்பது தவறு. பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றும், ஹெலிகாப்டரின் மேல் விசிறி அதைவிட மெதுவாகச் சுற்றும். அதற்கு 1/60 வரை போக வேண்டியிருக்கும்.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கும், கேமராவில் சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரை விரும்புபவர்களுக்கும் வேறொரு தொல்லை உண்டு. அந்த ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போவதற்குள் தகடு நகர்ந்துவிடுவதால், படத்தில் அது வாழைப்பழமாக வளைந்து நிற்கும். மென்பொருளால் அதைச் சரியாக நிமிர்த்துவது கடினம். கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் படம் கலங்காதா? கலங்கும். அதனால்தான் கையை வைத்துத் துரத்தாமல் உடம்போடு திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டும். கண்காட்சிக்குப் போய்தான் இதைப் பழகுவேன் என்று நினைப்பது பெரிய தவறு. ஒரு விமானம் உங்கள் முன்னால் கடந்துபோகும் நேரம் சில நொடிதான், அங்கே பாடம் நடத்த நேரம் கிடையாது. பயிற்சிக்கு நம் ஊரில் இடமா இல்லை? சாயங்காலம் வேலை முடிந்து தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வரும். தெரிந்த பையன்களிடம் சொல்லிவிட்டு ஓரமாக நில்லுங்கள். பாதங்களை, வண்டி உங்களைக் கடக்கும் இடத்தைப் பார்த்தபடி ஊன்றிக்கொள்ளுங்கள். அது வரும் பக்கம் இடுப்பை மட்டும் திருப்பி, லென்ஸில் வண்டியைப் பிடித்து, அது கடக்கக் கடக்க நேராகத் திரும்பி வாருங்கள். பொத்தானை அழுத்திய பிறகும் நிறுத்தாமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலோர் அழுத்தும் நொடியில் கையை நிறுத்திவிடுகிறார்கள், படம் அங்கேதான் கெடுகிறது.

1/125இல் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சக்கரக் கம்பிகள் கரைந்திருக்க வேண்டும், நம்பர் பிளேட் தெளிவாகப் படிக்க வர வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைகிற வரைக்கும் டிக்கெட் வாங்க அவசரப்படாதீர்கள். லென்ஸில் அதிர்வைக் குறைக்கும் வசதி இருந்தால், மேல்கீழ் அசைவை மட்டும் திருத்தும் முறை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண முறையில் விட்டால், நீங்கள் திருப்புவதையே அது நடுக்கம் என்று நினைத்து எதிர்த்து இழுக்கும்.

மெதுவான ஷட்டரால் வரும் இன்னொரு சிக்கலைப் பலர் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறார்கள். பட்டப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, ஷட்டர் 1/125 என்றால் லென்ஸின் துளை எஃப்/16 அளவுக்குச் சுருங்கும். அவ்வளவு சுருங்கினால் படம் கொஞ்சம் மழுங்கும். அதைவிட மோசம், சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி எல்லாம் வானத்தில் கரும்புள்ளியாக வந்து உட்காரும். தோட்டத்துச் செம்மண் சாலையில் லென்ஸ் மாற்றும் பழக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஐஎஸ்ஓ தானாக மாறட்டும் என்று விடுவதாலும் பயன் இல்லை, அது 100க்குக் கீழே அதிகம் போகாது. தீர்வு, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர். என்டி4 போட்டால் எஃப்/16 எஃப்/8 ஆகும், என்டி8 போட்டால் எஃப்/5.6. இந்த ஒரு சின்னக் கண்ணாடியை வாங்குவது, புது கேமரா வாங்குவதைவிடப் படத்தை அதிகம் மாற்றும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒளி விஷயத்தில் நம் நாட்டு வானம் கேமராவை ஏமாற்றும். ஈரப்பதம் நிறைந்த வெள்ளை வானத்தைப் பார்த்ததும் கேமரா படத்தை இருட்டாக்கிவிடும், விமானம் கறுப்பு நிழலாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரு மடங்கு வெளிச்சம் வரை, ஏற்றி வையுங்கள். ஆனால் அதே விமானம் வளைந்து பச்சை மலைக்கு முன்னால் வந்தால் அந்த ஏற்றம் அதிகமாகிவிடும். மெருகேற்றிய வெள்ளி உடம்பு என்றால் வெளுத்தே போகும். அதனால் பின்னணி மாறுகிற இடத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். உச்சி வெயிலைப் பற்றி ஒன்று: லங்காவியில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, மதியம் 1.20 வாக்கில். அந்த நேரத்தை ஒட்டி இறக்கைக்கு அடியில் எல்லாம் கருநிழல். விமானம் சாய்ந்து மேல்பக்கத்தைக் காட்டும் திருப்பத்துக்குக் காத்திருங்கள், மற்ற நேரத்தில் கேமராவைக் கீழே இறக்கிக் கைக்கு ஓய்வு கொடுங்கள். ஓடுபாதையின் கடைசியில் நிற்கும் விமானத்தைப் பெரிய லென்ஸால் இழுத்து எடுப்பதும் மதியத்தில் வீண் வேலை. தாரில் இருந்து எழும் அனல் அலையை எந்த விலை லென்ஸும் ஊடுருவாது.

காலையில் செய்ய வேண்டியது வேறு. இன்ஜின் கிளப்பும் நேரத்தில் முன்வரிசையில் இருங்கள். பறக்கும்போது எடுத்தால் போதும் என்று அந்த நேரத்தில் நாசி லெமாக் வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். டகோட்டாவின் ஒவ்வோர் இன்ஜினிலும் 14 சிலிண்டர்கள் வட்டமாக அமைந்திருக்கின்றன. நின்றிருக்கும் நேரத்தில் எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். கிளப்பியதும் அது எரிந்து, வெளிர்நீலப் புகை இறக்கையைச் சுற்றிப் பொங்கும். தீயணைப்பானோடு ஒருவர் தள்ளி நிற்பார். புரொப்பல்லர் இரண்டு மூன்று முறை தயங்கித் திரும்பும், ஒரு சிலிண்டர் பற்றும், இன்னொன்று பற்றும், பிறகுதான் மொத்தமும் சேர்ந்து முழங்கும். அந்த நேரத்துக்கு 1/60 வைத்துக்கொள்ளுங்கள். இறக்கைக்கு அடியில் வழிந்த எண்ணெய்க் கோடு, புகைப்போக்கிக்குப் பின்னால் படிந்த கரி, தேய்ந்த ரிவெட் தலைகள் என எல்லாம் கிட்டத்தில் நின்றால்தான் கிடைக்கும்.

சட்டகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறக்கை நுனியை வெட்டாதீர்கள், மூக்குக்கு முன்னால் இடம் விடுங்கள், கொஞ்சம் அகலமாக எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க நீராவி படியும். துடைத்தால் மறுபடி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, பிறகு திறங்கள். வீட்டில் வைக்கும் முறையில்தான் தோட்டப்புற ஊர்க்காரர்கள் அதிகம் இழக்கிறார்கள். நம் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அலமாரியில் தோல் உறைக்குள் பூட்டி வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை வேர்விடும், கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அரிசி டின்னுக்குள் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அரிசி ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, மாவுத் தூசியைத்தான் ஏற்றிவிடும். 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் ட்ரை பாக்ஸ் ஒன்று, அது முடியாவிட்டால் இறுக்கி மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும். இதற்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

எங்கே நிற்பது என்பதில் விளையாட்டு வேண்டாம். குளுவாங்கில் பிரிட்டிஷார் அமைத்த விமானத்தளத்தை 1942இல் ஜப்பானியர் பிடித்து, சிங்கப்பூரைத் தாக்கப் பயன்படுத்தினர். இன்று இங்கே இருப்பது தரைப்படையின் ஹெலிகாப்டர் பிரிவு. செம்பனைக்கு மேலே அதன் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு வேலியோரம் போய் எடுக்க ஆசை வருவது இயற்கை. ஆனால் ‘கவாசான் லாராங்கான்’ (தடைசெய்யப்பட்ட பகுதி) என்ற சிவப்புப் பலகை வெறும் அலங்காரம் அல்ல. அதற்குப் பின்னால் 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொதுமக்களுக்குத் திறக்கும் நாளுக்குக் காத்திருங்கள். விமானம் வரும் இடத்தில் ட்ரோன் ஏற்றுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கண்காட்சியில் கட்டணம் கொடுக்காமல், விமானம் தலைக்கு மேலே போகிற வெளி இடத்தைத் தேடிப் போவதும் ஆபத்து. 2015 மார்ச்சில் லங்காவியில் பயிற்சியின்போது இந்தோனேசியக் குழுவின் இரண்டு விமானங்கள் மோதிக் குடியிருப்புப் பகுதியில் விழுந்தன. நான்கு விமானிகளும் உயிர் தப்பினர். அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷோர்ஹாமில் ஒரு பழைய ஹன்டர் ஜெட் சாலையில் விழுந்தது. இறந்த 11 பேரும் கண்காட்சித் திடலுக்கு வெளியே இருந்தவர்கள். பார்வையாளர் கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் போடுகிறார்கள்.

கடைசியாக, படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பு. ‘பழைய போர் விமானம்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போவதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன். இந்த விமானங்களில் பலவற்றுக்கு நம் மண்ணோடு தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையில் ஸ்பிட்ஃபயரின் கடைசிப் போர்ப் பணி 1954 ஏப்ரல் 1 அன்று சிங்கப்பூரின் செலேத்தாரிலிருந்து மலாயாக் காடுகளுக்கு மேலே நடந்தது. அது எடுக்கப் போனதும் புகைப்படம்தான். கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிரான மலாயா அவசரகாலத்தில் துண்டுப் பிரசுரம் போட்டதும், ஒலிபெருக்கி கட்டிக் காட்டுக்கு மேலே பேசியதும் டகோட்டாக்கள். தோட்டத்தில் அந்தத் தாளைப் பொறுக்கிய பாட்டி தாத்தா யாராவது இன்னும் இருந்தால் படத்தைக் காட்டிக் கேளுங்கள். பட்டர்வொர்த்தில் பறந்த ஆஸ்திரேலியாவின் சேபர் ஜெட் போர் விமானங்களில் சிலவற்றை 1969 முதல் மலேசியாவுக்குக் கொடுத்தார்கள். அப்படி நம் கொடியோடு பறந்த ஒரு சேபர் திரும்பிப் போய்த் தெமோரா அருங்காட்சியகத்தில் சேர்ந்தது.

இதையெல்லாம் எழுத, வால் பக்கத்து எண்ணைத் தனியாக ஒரு படம் எடுத்து வையுங்கள். விஎச் என்று தொடங்கினால் ஆஸ்திரேலியப் பதிவு, இசட்கே நியூசிலாந்து, எச்எஸ் தாய்லாந்து, 9எம் நம்முடையது. பெரிதாக எழுதியிருக்கும் போர்க்கால எழுத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். வேறொரு புகழ்பெற்ற விமானத்தின் வண்ணத்தைப் பூசிப் பறக்கவிடுவது இந்த உலகில் சகஜம். விமானத்தின் வகை, பதிவெண், இடம், நாள் நான்கையும் அன்றிரவே கோப்பின் தகவல் பகுதியில் எழுதிவிடுங்கள். சமூக வலைத்தளங்களில் ஏற்றும்போது அந்தத் தகவல் பெரும்பாலும் கழன்றுவிடும், அதனால் மூலப் படத்தை அழிக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள்.