தேசமும் நாடுகளின் ஐக்கியமும்: 90 நிமிட வேதபாடம் நடத்தும் முறை

பாடத்தை ஆதியாகமம் 11-ல் தொடங்காதீர்கள், 10-ல் தொடங்குங்கள். பாபேலை முதலில் வாசித்தால், பல மொழியும் பல நாடும் தண்டனையாக வந்தவை என்று கூட்டம் முடிவுகட்டிவிடும். கோபுரத்துக்கு முந்தைய அதிகாரத்திலேயே 5, 20, 31-ஆம் வசனங்கள் ஜாதிகளையும் பாஷைகளையும் ஒரு கண்டனமும் இல்லாமல் வரிசைப்படுத்துகின்றன. அடுத்து அப்போஸ்தலர் 2. பெந்தெகொஸ்தே நாளிலும் எல்லாருக்கும் ஒரே பாஷை வந்துவிடவில்லை. அவரவர் தம் பாஷையிலேயே கேட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து 25 நிமிடம் போதும்.

சிக்கல் அப்போஸ்தலர் 17:26-ல்தான். அதற்கு அரை மணி நேரம் வையுங்கள். "ஒரே இரத்தத்தினாலே" என்பதைப் பிடித்தவர் எல்லையே வேண்டாம் என்பார். "குடியிருப்பின் எல்லைகளையும்" என்பதைப் பிடித்தவர் வேலி போடுவார். வெள்ளையர் சபையான தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தச் சபை 1974 அறிக்கையில் இனங்களைப் பிரித்துவைக்க வேத ஆதாரம் தேடியது இந்தப் பகுதிகளில்தான். அதே மரபுக்குள்ளிருந்தே அதை மறுத்து, 1986-ல் ஏற்கப்பட்ட பெல்ஹார் விசுவாச அறிக்கை பிறந்தது. 27-ஆம் வசனத்தை விடாமல் வாசிக்க வையுங்கள்: எல்லை வகுத்தது, ஜனங்கள் தேவனைத் தேடும்படிக்கு.

பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வித்திட்ட 1950 மே 9-ஆம் தேதி ஷூமன் அறிக்கையை நகல் எடுத்துக் கொடுங்கள். அதை வெளியிட்ட பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் பக்தியுள்ள கத்தோலிக்கர். லக்சம்பர்க்கில் ஜெர்மன் குடிமகனாகப் பிறந்து, முதல் உலகப்போருக்குப் பின், ஜெர்மனியிடம் இருந்த லொரேன் பகுதி பிரான்ஸிடம் போனபோது பிரெஞ்சுக்காரர் ஆனவர். ஆனாலும் அறிக்கையில் தேவனுடைய பெயரே கிடையாது, நிலக்கரியும் எஃகும்தான். ஆயுதம் செய்யும் மூலப்பொருளை ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைத்துவிட்டால் பிரான்ஸும் ஜெர்மனியும் நினைத்தாலும் போரிட முடியாது என்பது கணக்கு. 1951-ல் இதற்கான உடன்படிக்கையில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. எதைப் பொதுவில் வைத்தார்கள், எதைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள் என்று பலகையில் இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். கொடி, மொழி, பள்ளிக்கூடம் எல்லாம் இரண்டாவது பத்தியில் விழும். சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரியது பிடுங்கக்கூடாது என்ற விதியை அப்போது சொன்னால் பளிச்சென்று புரியும். திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931-ல் வற்புறுத்திய விதி அது. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய 1992 மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையிலும் இடம்பிடித்தது.

"யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்னும் கலாத்தியர் 3:28-ஐக் காட்டி யாராவது "கிறிஸ்துவுக்குள் நாடே இல்லை" என்றால், அதை எழுதிய பவுலே அப்போஸ்தலர் 22:25-ல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லிப் பாதுகாப்புக் கேட்பதை வாசிக்கச் சொல்லுங்கள். தானியேல் தரிசனத்தில் கண்ட மிருகத்தின் பத்துக் கொம்புகள்தான் ஐரோப்பிய ஒன்றியம் என்பவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதில் இப்போது 27 நாடுகள். கணக்கு உதைக்கிறது என்று சொல்லிவிட்டுப் பலகைக்குத் திரும்புங்கள்.