பச்சை காட்டும், கரண்ட் வராது: நெடுஞ்சாலை சார்ஜர்களிடம் செய்யக் கூடாத தவறுகள்

எங்கள் அடுக்ககத்தில் மின்சார கார் வாங்குகிற யாரும் முதல் நீண்ட பயணத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு தடவை வந்துவிடுவார்கள். நான் சொல்வேன். தலையாட்டுவார்கள். போய் அதே தவறைச் செய்துவிட்டு வருவார்கள். எல்லாம் நானும் ஆரம்பத்தில் செய்தவைதான் என்பதால் திட்டவும் முடிவதில்லை. எழுதி வைத்துவிட்டால் அடுத்து வருபவருக்கு அனுப்பிவிடலாம்.

வீட்டில் முழு சார்ஜ் போட்டுக் கிளம்புங்கள், டயரில் காற்றைப் பாருங்கள், 120-ல் பறக்காதீர்கள் என்பதெல்லாம் இதில் இல்லை. அதை ஷோரூமிலேயே சொல்லியிருப்பார்கள். இது சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, நெல்லை என்று இறங்குகிறவர்களுக்கு; வழியில் பங்க்கிலோ ஓட்டல் வாசலிலோ நிற்கும் சார்ஜரை நம்பியே ஆக வேண்டியவர்களுக்கு.

பச்சைப் புள்ளியை நம்புவது

ஆப்பில் சார்ஜர் பச்சையாகத் தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மெஷினுக்குள் இருக்கும் சிம் கார்டு சர்வரோடு பேசிக்கொண்டிருக்கிறது, யாரும் கன்னை (காரில் செருகும் பெரிய பிளக்கை) மாட்டியிருக்கவில்லை. கன்னுக்குள் இருக்கும் உலோகப் பின் கருகியிருக்கிறதா, உள்ளே பவர் மாட்யூல் போய்விட்டதா, சார்ஜருக்கு முன்னால் யாராவது லோடு வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார்களா என்பதெல்லாம் அந்தப் புள்ளிக்குத் தெரியாது. யாரும் வராததாலேயே பச்சையாக இருக்கிற சார்ஜர்களும் உண்டு. கெட்டுப்போயிருப்பதால்தான் யாரும் வருவதில்லை.

பார்க்க வேண்டியது கடைசியாக எப்போது, எந்தக் காருக்கு சார்ஜ் ஏறியது என்பதை. பிளக்‌ஷேர் மாதிரியான ஆப்களில் ஓட்டுநர்களே எழுதுகிறார்கள். நேற்றோ முன்தினமோ ஒருவர் "45 கிலோவாட் வந்தது" என்று எழுதியிருந்தால் அது பத்துப் பச்சைப் புள்ளிகளுக்குச் சமம். கடைசிக் குறிப்பு மூன்று மாதம் பழையது என்றால் அந்த சார்ஜரை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

போன் நம்பர் கிடைத்தால் பேசுங்கள். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "சார்ஜர் இருக்கா?" என்றால் "இருக்கு சார், வாங்க" என்று பதில் வரும். பொய் இல்லை, சார்ஜர் அங்கேதான் நிற்கிறது. "ஓடுதா?" என்றாலும் "ஓடும் சார்" என்பார்கள். நான் கேட்பது, "இன்னைக்குக் காலையிலிருந்து எந்த வண்டியாவது சார்ஜ் போட்டுட்டுப் போச்சா?" இதற்கு எதிர்முனையில் கொஞ்சம் மௌனம் வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேலை செய்கிற சார்ஜரைத் தாண்டிப் போவது

மற்ற தவறுகள் அரை மணி, ஒரு மணி நேரத்தைத் தின்னும். இது ஒரு நாளையே தின்றுவிடும். இன்றைக்கும் இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

என் மனைவியின் அண்ணன் தீபாவளிக்கு முந்தைய நாள் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் கிளம்பினார். 40 யூனிட் பேட்டரி உள்ள கார். ஏசி போட்டு 90-ல் ஓட்டினால் 260, 270 கிலோமீட்டர் வரும். தாம்பரத்தில் முழு சார்ஜோடு ஏறியவர் விழுப்புரம் பக்கம் டிபனுக்கு நிறுத்தினார். மிச்சம் 50 சதவீதம். ஓட்டல் வாசலிலேயே இரண்டு கன் வைத்த 60 கிலோவாட் சார்ஜர். ஒரு கன் காலி. இன்னொன்றில் வேறொரு கார் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. அதாவது அங்கே கரண்ட் இருக்கிறது, நெட்வொர்க் இருக்கிறது, மெஷின் ஓடுவது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன உத்தரவாதம் வேண்டும்?

அண்ணன் பொங்கல் சாப்பிட்டார், காபி குடித்தார், கிளம்பிவிட்டார். அப்புறம் கேட்டபோது சொன்னார்: "பாதி இருக்கே மாப்ளே. பெரம்பலூர் கிட்ட 120 கிலோவாட் இருக்குன்னு போட்டிருந்துச்சு. அங்க போட்டா சீக்கிரம் முடியும்னு பாத்தேன்."

பெரம்பலூர் பக்கம் போனபோது 10 சதவீதம். அந்த 120 கிலோவாட் மெஷினின் திரை கறுப்பாக இருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு அடித்தால் புகார் பதிவாகிவிட்டது என்றார்கள். பக்கத்தில் இருந்த இன்னொன்று பழைய 15 கிலோவாட் மெஷின், அதன் கன் இவர் காருக்குச் சேராது. திருச்சி இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல். குறைந்தது 20 சதவீதம் வேண்டும். கடைசியில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டு, கெஞ்சி, ஏசிக்கான 15 ஆம்பியர் பாயிண்டில் வண்டியை மாட்டினார்கள். பட்டாசுப் பையோடு பிள்ளைகள் லாட்ஜ் வராந்தாவில். ஊர் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். லாட்ஜில் அவர் ஏற்றியது 30 சதவீதம், அதாவது 12 யூனிட். 15 ஆம்பியர் பாயிண்டில் மணிக்கு 3 யூனிட் சுற்றித்தான் ஏறும், ஆகவே நான்கு மணி நேரம். விழுப்புரத்தில் இரண்டு கன்னும் ஓடினால் ஆளுக்கு 30 கிலோவாட், அதாவது மணிக்கு 30 யூனிட் கிடைக்கும். அதே 12 யூனிட்டுக்கு 25 நிமிடம். டிபனுக்கு உட்கார்ந்ததே அதற்கு மேல். 50-ஐ 80 ஆக்கியிருந்தால் பெரம்பலூர் சார்ஜர் இருந்தால் என்ன, செத்தால் என்ன, நேராகத் திருச்சிக்கே போயிருக்கலாம். அப்போதும் கையில் 15 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

கையில் வருகிற சார்ஜை ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள்? பாதி காரணம் பெட்ரோல் பழக்கம். முள் ரிசர்வுக்கு இறங்கிய பிறகு பங்க் தேடியே வளர்ந்தவர்கள் நாம். இன்னொரு பாதிக்கு யூடியூப் பொறுப்பு. "பேட்டரி 10 சதவீதத்துக்கு வந்த பிறகு போடுங்கள், அப்போதுதான் வேகமாக ஏறும்" என்று ஒரு அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பொய் இல்லை; பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக ஏறும், 80-க்கு மேல் மெதுவாகிவிடும். ஆனால் அந்த அறிவுரை பிறந்த ஊர்களில் ஒரே இடத்தில் பத்து, பன்னிரண்டு சார்ஜர்கள் வரிசையாக நிற்கும். ஒன்று கெட்டால் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம். நம் நெடுஞ்சாலையில் பெரும்பாலும் ஒரு இடத்துக்கு ஒரு மெஷின். அது படுத்துவிட்டால் 10 சதவீதத்தோடு வந்தவர் எங்கே போவார்?

120 கிலோவாட் ஆசை இன்னொன்று. இந்த அளவு பேட்டரி உள்ள பல கார்கள் 50 கிலோவாட் சுற்றித்தான் வாங்கும். 120-ல் மாட்டினாலும் 240-ல் மாட்டினாலும் அதே வேகம்தான்.

மத்திய மின் அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதல் நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம், நீண்ட தூர, கனரக வண்டிகளுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒரு அதிவேக நிலையம் என்றது. சென்னை - திருச்சி சாலையின் வரைபடத்தைத் திறந்தால் அதற்கும் மேலேயே புள்ளிகள் தெரியும். புள்ளிகளை எண்ணித் திட்டம் போடுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். நான் செய்வது இது: சார்ஜ் பாதிக்கு வந்த பிறகு, ஓடுவதாகக் கண்ணால் பார்த்த முதல் சார்ஜரில் நிறுத்திவிடுவேன். அடுத்த சார்ஜர் செத்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அதற்கடுத்ததுக்குப் போய்ச் சேர்ந்தும் 10 சதவீதம் மிஞ்சும் அளவுக்கு ஏற்றிக்கொள்வேன். "இரண்டு தடவை நிறுத்தினால் நேரம் வீணாகுமே" என்கிறார்கள். காபி குடிக்க எப்படியும் நிறுத்தத்தானே போகிறீர்கள்.

முதல் தடவை எரர் வந்ததும் கிளம்பிவிடுவது

சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பலர் கன்னைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார்கள். கால் மணி நேரம் கொடுங்கள். முதலில் மெஷினில் இருக்கும் சிவப்பு எமர்ஜென்சி பட்டனைப் பாருங்கள். யாராவது அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள், அல்லது பங்க்குக்கு வந்த பையன் விளையாட்டுக்கு அழுத்தியிருப்பான். அதைத் திருகினால் மேலே வந்துவிடும். மெஷினுக்கு உயிர் வரும். "கெட்டுப்போய் வாரக்கணக்காகிறது" என்று பங்க் ஊழியர் சத்தியம் செய்த சார்ஜர் இப்படி எழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கன்னின் எடை. சிசிஎஸ்2 (இன்றைய கார்களின் வேகச் சார்ஜ் பிளக் வகை) கன்னும் கேபிளும் கனமானவை. கேபிள் கீழே இழுக்க, பின்கள் சரியாகப் பதியாமல் காரும் மெஷினும் பேசிக்கொள்ள முடியாமல் போகும். கன்னைக் கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் கொடுங்கள். லாக் விழுந்து சார்ஜ் ஏறத் தொடங்கியதும் விட்டுவிடலாம். இன்னொரு கன் இருந்தால் அதை மாட்டிப் பாருங்கள். காரை முழுதாக அணைத்து, பூட்டி, இரண்டு நிமிடம் விட்டுத் திரும்ப முயலுங்கள். சேவை எண்ணுக்கு அடித்து "சார்ஜரை அங்கிருந்தே ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று கேளுங்கள். புகார் பதிவு செய்யச் சொன்னால் ஆள் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ரீஸ்டார்ட் ஐந்து நிமிட வேலை. சில மெஷின்களில் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் சார்ஜர் கம்பெனியின் ஆர்எஃப்ஐடி கார்டை (தொட்டுக் காட்டும் அட்டையை) காட்டினால் வேலை நடக்கும்.

இவ்வளவுக்கும் அசையவில்லையா, விட்டுவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டுவது வேறு வகைத் தவறு.

பழைய கன்னும் டிசிதானே (நேர்மின்சாரம்), சேரும் என்று நம்புவது

பழைய 15 கிலோவாட் மெஷின்களில் இருக்கும் ஜிபி/டி வகை கன் சிசிஎஸ்2 காரில் நுழையாது. அவ்வளவுதான்.

இபி மின்தடை நாளை மறப்பது

வீட்டில் மின்தடை என்றால் முந்தின நாளே மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி வைக்கிற ஆட்கள், போகிற வழியில் மின்தடை இருக்குமா என்று யோசிப்பதில்லை. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் 2 மணி, சில இடங்களில் மாலை வரைகூட ஆகும். நாம் அதிகாலையில் கிளம்பினால் சரியாக அந்த நேரத்தில்தான் முதல் சார்ஜருக்குப் போய்ச் சேருவோம். எந்தெந்தத் துணை மின்நிலையம், எந்தெந்த ஊர் என்று செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கத்தில் வருகிறது. நீங்கள் நிற்கப் போகும் ஊர்ப் பெயரைப் போட்டு முந்தின இரவு தேடிப் பாருங்கள்.

ஓட்டலில் ஜெனரேட்டர் ஓடுகிறதே என்று நினைக்காதீர்கள். அது விளக்குக்கும் மாவரைக்கவும். 60 கிலோவாட் சார்ஜரை அதில் பெரும்பாலும் யாரும் இணைத்து வைப்பதில்லை.

ஒரே ஆப், ஒரே வாலட்

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் ஆப், ஒரு வாலட். எரிச்சலான ஏற்பாடுதான், வேறு வழியில்லை. உங்கள் வழியில் இருக்கும் கம்பெனிகளின் ஆப்களை வீட்டிலேயே இறக்கி, பதிவு செய்து, கொஞ்சம் பணமும் போட்டு வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி வராது. ஆனால் ஆயிரக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். திரும்ப வாங்குவது தனிப் போராட்டம்.

எதிர்ப்பக்க சார்ஜர்

வரைபடத்தில் 200 மீட்டர். நடுவில் தடுப்புச் சுவர். அடுத்த பாலத்தடி வரை போய்த் திரும்பி வந்தால் சில கிலோமீட்டர். 8 சதவீதத்தில் இருக்கும்போது இதைக் கண்டுபிடிக்காதீர்கள்.

100 சதவீதம் வரை உட்கார்ந்திருப்பது

பின்னால் ஆள் நிற்கும்போது கூடாது. பண்டிகை நாளில் கண்டிப்பாகக் கூடாது. வண்டியை விட்டுச் சாப்பிடப் போனால் கண்ணாடியில் போன் நம்பரை எழுதி வையுங்கள்.

வீட்டு சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது

டிக்கியில் இடம் இல்லை என்று வண்டியோடு வந்த போர்ட்டபிள் சார்ஜரை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அண்ணனைக் காப்பாற்றியது அதுதான். லாட்ஜ், கல்யாண மண்டபம், ரைஸ் மில், தெரிந்தவர் வீடு என்று 15 ஆம்பியர் பாயிண்ட் எங்கேயும் கிடைக்கும். பணம் கொடுப்பதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் எர்த் இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதில் ஒயரே இருக்காது. போர்ட்டபிள் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் இதுதான் விஷயம். வேறு பாயிண்ட் கேளுங்கள். 5 ஆம்பியர் பிளக்குக்கு மாற்றுகிற கன்வர்ட்டர், கடையில் விற்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் தொடாதீர்கள். மணிக்கணக்கில் முழு கரண்ட் இழுக்கும்போது அவை உருகும். மாட்டிய அரை மணி நேரத்தில் போய் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் கழற்றிவிடுங்கள்.

அதுவும் கிடைக்காமல் வண்டி நின்றே போனால், இழுத்துப் போக வருகிறவரிடம் போனிலேயே சொல்லுங்கள்: கயிறு கட்டி இழுக்கக் கூடாது, நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டிதான் வேண்டும் என்று. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும், செலவு எங்கேயோ போய்விடும். காப்பீட்டில் சாலையோர உதவி இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பதைக் கிளம்புவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.